கூடலூர், பந்தலூருக்கு மாறுதலாகி வரும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பொது மாறுதல் கலந்தாய்வில் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர், பந்தலூர் வட்டங்களில் இடம் கிடைத்து மலையேறப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சேலத்திலிருந்தோ சிவகங்கையிலிருந்தோ வருவீர்கள். வாடகைக்கு வீடு கிடைக்குமா, மழை எத்தனை மாதம், யானை வருமா, சனி ஞாயிறு ஊருக்குப் போக பஸ் உண்டா என்றெல்லாம் விசாரிப்பீர்கள். விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் வகுப்பில் என் முன்னால் உட்காரப்போகும் பிள்ளைகள் யார் என்ற கேள்வியை மட்டும் எங்களிடம் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது.

நான் ஒரு பெற்றோர். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். இலங்கையிலிருந்து திரும்பி வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பம் எங்களுடையது. இந்தப் பக்கத்துப் பள்ளிகளில்தான் நானும் படித்தேன், இப்போது என் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

முதல் நாள் வகுப்புக்குள் நுழையும்போது உங்களுக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியாது. ஒரே சீருடை, ஒரே தமிழ்ப் பாடநூல். வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர்களும் உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் பெயர்கள் போலத்தான் இருக்கும். கொஞ்ச நாள் பழகினால்தான் ஒவ்வொன்றாகத் தெரியவரும். முன் பெஞ்சில் இருப்பவள் வயலோரக் காலனியிலிருந்து வரும் பணியர் பழங்குடி வீட்டுப் பெண். அவளுக்குப் பக்கத்தில் இருப்பவனின் தாத்தா திருவிதாங்கூரிலிருந்து வந்து காடு திருத்திக் குடியேறியவர். அவன் ஞாயிற்றுக்கிழமை மலையாளத்தில் பூசை நடக்கும் சர்ச்சுக்குப் போகிறவன். நடுவில் ஒரு மாப்பிள்ளை முஸ்லிம் கடைக்காரரின் மகள், ஒரு முள்ளுக்குரும்பர் வீட்டுப் பையன், ஒரு மவுண்டாடன் செட்டி வீட்டுப் பெண். சன்னலோரம் என் பிள்ளை மாதிரி ‘சிலோன்காரங்க’ வீட்டுப் பிள்ளைகள் ஒரு நாலைந்து. காட்டோரத்திலிருந்து வரும் காட்டுநாயக்கர் பையன் ஒரு நாள் வருவான், இரண்டு நாள் வரமாட்டான். கடைசி பெஞ்சில், போன வருடம்தான் தோட்ட வேலைக்கு வந்த ஜார்க்கண்ட் குடும்பத்துப் பிள்ளை.

நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்து அரசுப் பள்ளிகளில் இது சாதாரண வகுப்பு. தமிழ் பேசும் பிள்ளைகள் நிறைந்த வகுப்பு என்று நினைத்துப் பாடத்தை ஆரம்பித்தால் பாதிப் பேருக்கு அது இரண்டாவது மொழி, சிலருக்கு மூன்றாவது.

எப்படி இப்படி ஆனது என்று தெரிந்துகொண்டால் பிள்ளைகளைப் புரிந்துகொள்வது எளிது. கூடலூர் எப்போதும் நீலகிரியோடு இருந்த ஊர் கிடையாது. மலபார் மாவட்டத்து வயநாட்டின் தென்கிழக்கு மூலை இது. நம்பாலக்கோடு, சேரங்கோடு, முன்னநாடு என்ற மூன்று அம்சங்களை (அந்தக் கால வருவாய்ப் பிரிவுகள்) 1877-ல் பிரித்து நீலகிரியோடு சேர்த்தார்கள். 1956-ல் மொழிவழி மாநிலங்கள் வந்தபோது மலபார் கேரளாவுக்குப் போனது, கூடலூர் இங்கேயே தங்கிவிட்டது. இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில் நின்றால் ஒரு பஸ் சுல்தான் பத்தேரிக்கு, இன்னொன்று குண்டல்பேட்டைக்கு, மற்றொன்று நாடுகாணி வழியாக நிலம்பூருக்கு என்று போய்க்கொண்டே இருக்கும். எங்கள் பிள்ளைகள் பேக்கரியில் மலையாளமும், காய்கறி லாரிக்காரரிடம் கன்னடமும், கண்டக்டரிடம் தமிழும் பேசிவிட்டு வீட்டுக்குப் போய் வேறொன்று பேசுவார்கள். இதைத் திறமை என்று யாரும் அவர்களுக்கு மதிப்பெண் போட்டதில்லை.

நிலத்தின் கதை இன்னும் சிக்கலானது. ஜென்மிகள் என்ற பரம்பரை நிலவுடைமையாளர்கள் கையில், முக்கியமாக நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் பெயரில் இருந்த நிலங்களுக்காக 1969-ல் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன் 17-ஆம் பிரிவில் சிக்கிய நிலங்களின் வழக்கும் பேச்சும் இன்னும் ஓயவில்லை. ‘செக்ஷன் 17’ என்றால் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த நிலத்தில் வீடு இருந்தால் பட்டா கிடைக்காது, மின் இணைப்பு வாங்குவதும் பெரும்பாடு. வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளையைக் கேட்கும்போது, வீட்டில் விளக்கு எரிகிறதா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இந்த மண்ணின் மூத்த குடிகள் பணியர், காட்டுநாயக்கர், குரும்பர் ஆகியோர். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியிருப்பவை ஆறு. தோடர், கோத்தர், குரும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என அந்த ஆறும் நீலகிரியில் இருக்கின்றன. ஆனால் 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் 7,35,394 பேரில் பழங்குடியினர் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. மற்றவர்கள் எல்லாரும் பல காலங்களில் வந்து சேர்ந்தவர்கள். படகர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வந்தவர்கள், மலையின் மேல்பகுதியில் நிறைய இருக்கிறார்கள். தங்கம் கிடைக்கும் என்று 1880 வாக்கில் தேவாலா, பந்தலூர் பக்கம் வெள்ளைக்காரக் கம்பெனிகள் குவிந்தன. கட்டுப்படியாகாமல் சில வருடங்களில் மூட்டை கட்டினார்கள், சுரங்கக் குழிகள் இன்னும் காட்டுக்குள் இருக்கின்றன. மேலே நடுவட்டத்தில் கொய்னா மருந்துக்கான சின்கோனா தோட்டத்தில் வேலை செய்யச் சீனக் கைதிகளைக்கூடக் கொண்டுவந்தார்கள். அவர்களில் சிலர் இங்கேயே குடும்பமாகித் தங்கிவிட்டார்கள். காப்பி, தேயிலைக்கு ஆட்கள் வந்தார்கள். 1940-களிலிருந்து திருவிதாங்கூர் விவசாயிகள் வந்தார்கள்.

அப்புறம் நாங்கள். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, இலங்கைத் தோட்டங்களில் இருந்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. எங்களைக் கேட்டு யாரும் எழுதிய ஒப்பந்தம் இல்லை. எங்கள் பெரியவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக இங்கே வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-ல் வனத்துறை ஆரம்பித்த தேயிலைத் திட்டம்தான் பின்னால் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம், கொளப்பள்ளி என்று தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகள், எங்கள் பேச்சில் லைன் வீடுகள், முளைத்தன. வீட்டில் தேங்காய் ரொட்டியும் சம்பலும், மாசியில் காமன் கூத்தும் எங்களோடு வந்தவை.

தமிழ்நாட்டுக்கு வந்த தமிழர்கள்தானே, என்ன கஷ்டம் என்று நினைக்கலாம். ஆனால் எங்கள் பேச்சைக் கேட்டு வகுப்பே சிரித்த காலம் உண்டு. ‘ஏய் சிலோன்’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தோம். தமிழே தாய்மொழியாக இருந்த எங்களுக்கே பள்ளியில் வாய் திறக்கப் பல மாதம் பிடித்தது என்றால், அந்தப் பணியர் வீட்டுப் பெண் பிள்ளையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

அவளைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பணியர் பேச்சு தூரத்திலிருந்து கேட்டால் மலையாளம் மாதிரி இருக்கும், மலையாளம் கிடையாது. எழுத்து இல்லாத மொழி. ஐந்து வயதில் அவள் ஒன்றாம் வகுப்புக்கு வரும்போது அந்த மொழி மட்டும்தான் முழுசாகக் கையில் இருக்கும். டீச்சர் கேட்பது அவளுக்குப் பாதி புரியும், பதில் வாய் வரைக்கும் வரும், அங்கேயே நின்றுவிடும். ‘வாயையே திறக்க மாட்டேங்குறா, மந்தமான பிள்ளை’ என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அந்தச் சொல் அவளோடு வகுப்பு வகுப்பாக ஏறிப் போகும். எட்டாம் வகுப்பிலோ ஒன்பதிலோ அவள் நின்றுவிட்டால், ‘அவங்க வீட்ல அனுப்ப மாட்டாங்க’ என்று கணக்கை முடித்துவிடுவோம்.

அவள் மந்தமே இல்லை. எந்தக் கீரை மழைக்கு முன்னால் வரும், எந்தக் காளானைத் தொடக் கூடாது, வயல் வரப்பில் நண்டு எந்தப் பக்கம் வளை போடும், யானை போன தடம் பழையதா புதியதா என்பதெல்லாம் அவளுக்கும் அந்தக் காட்டுநாயக்கர் பையனுக்கும் தெரியும். நான்காம் வகுப்பு அறிவியலில் தாவரங்கள் பற்றிய பாடத்தை நடத்தும் அன்று அவர்களை முன்னால் கூப்பிட்டுப் பேச வையுங்கள். அவர்கள் மொழியிலேயே பேசட்டும். புரியவில்லை என்றால் பக்கத்தில் இருக்கும் செட்டி வீட்டுப் பிள்ளையோ மலையாளப் பிள்ளையோ தமிழில் சொல்லும், எங்கள் பிள்ளைகளுக்கு அது ஒரு விஷயமே இல்லை. காலனிகளில் பிளஸ் டூ முடித்த அக்காக்கள் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வந்து உதவுவார்கள். கூடலூரில் வித்யோதயா பள்ளி ஆதிவாசிப் பிள்ளைகளின் பாட்டையும் கதையையும் வகுப்புக்குள் கொண்டுவந்து காட்டியிருக்கிறது. ஒரு நாள் நேரம் ஒதுக்கி அங்கே போய்ப் பாருங்கள்.

தமிழ் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2006-ல் வந்த தமிழ் கற்கும் சட்டத்தில் எனக்கு முழுச் சம்மதம். இங்கே எல்லாப் பிள்ளைகளும் தமிழை நன்றாகப் படிக்க வேண்டும். தாலுகா ஆபீஸில் மனு எழுதவும் ஆஸ்பத்திரியில் உடம்புக்கு என்ன என்று சொல்லவும் அவர்களுக்குத் தமிழ் வேண்டும். ஆனால் வீட்டு மொழியை வெட்கப்பட வைத்துவிட்டு அதன் மேல் தமிழை ஏற்ற முடியாது. முடிந்தவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டமும் 29-ஆம் பிரிவில் சொல்கிறது. அத்தனை மொழியிலும் பாடநூல் கேட்கவில்லை. முதல் இரண்டு வகுப்புகளிலாவது, வீட்டில் பேசுவது தப்பு இல்லை என்று பிள்ளைக்குத் தெரிந்தால் போதும்.

ஆண்டு விழா பற்றியும் சொல்லியாக வேண்டும். எந்தப் பள்ளி என்று சொல்லப்போவதில்லை, ஒரு பள்ளியில் மட்டும் நடப்பதும் இல்லை. ‘ஆதிவாசி நடனம்’ என்று அறிவிப்பார்கள். பிள்ளைகள் முகத்தில் கரி பூசி, இடுப்பில் தழை கட்டி, கையில் அட்டை ஈட்டியோடு, சினிமாப் பாட்டுக்குக் கூச்சல் போட்டுக்கொண்டு குதிப்பார்கள். கை தட்டும் கூட்டத்தில் பணியர் காலனிப் பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாக்களும் உட்கார்ந்திருப்பார்கள். அந்த அம்மாக்கள் அப்போது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இதைச் செய்யும் ஆசிரியர்கள் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். எங்கோ பார்த்ததை அப்படியே போடுகிறார்கள். ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து அரை மைலில் உண்மையான ஆட்டம் இருக்கிறது. துடி அடித்து, குழல் ஊதி, வட்டமாக நின்று ஆடும் பணியர்களின் வட்டக்களியைப் பார்த்தவர்கள் தழை கட்டி ஆட்டம் போட வைக்க மாட்டார்கள். காலனியில் துடி அடிக்கும் பெரியவரை முன்கூட்டியே போய்ப் பார்த்து அழையுங்கள். வந்தால் மேடையில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள், பிரமுகருக்குப் போடும் சால்வையை அவருக்கும் போடுங்கள், சாப்பிட வைத்து அனுப்புங்கள். அன்று கூலி வேலைக்குப் போகாமல் வருகிறார் என்பதையும் மனதில் வைத்து, பெற்றோர் நிதியிலிருந்து கூலியைக் கொடுக்க எங்கள் குழு தயாராக இருக்கிறது. அதே மேடையில் மாப்பிள்ளை முஸ்லிம்களின் ஒப்பனா ஆட்டம் வரட்டும், மலையாளிகளின் திருவாதிரக்களி ஆட்டம் வரட்டும், படகர் ஆட்டம் வரட்டும், எங்கள் காமன் கூத்திலிருந்தும் ஒரு துண்டு வரட்டும்.

இன்னொரு பழக்கத்தையும் விட்டுவிட வேண்டுகிறேன். உதவித்தொகைப் படிவம் வந்ததும் ‘எஸ்.டி. பிள்ளைங்க எல்லாம் எழுந்து நில்லுங்க’ என்று வகுப்பில் சொல்வது. நாற்பது பிள்ளைகள் முன்னால் அப்படி எழுந்து நிற்பது என்னவென்று அந்த வயதில் அனுபவித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பதிவேட்டில் எல்லா விவரமும் இருக்கிறது, தனியாகக் கூப்பிட்டுக் கொடுக்கலாம்.

எங்கள் ஊரில் எல்லாரும் கைகோத்து அன்பாக வாழ்கிறோம் என்று சுற்றுலாப் புத்தகம் மாதிரி சொல்லி உங்களை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பல இனம், பல மொழி என்பது உண்மை. அதில் யார் நிலத்தில் யார் வேலை செய்தார்கள் என்பதும் உண்மை. பணியர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொத்தடிமைகளாக இருந்தவர்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல்தான் வந்தது. இப்போது படிக்கும் பிள்ளைகளின் பாட்டன்மார் அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள். ஆதிவாசிகள் கையிலிருந்த நிலம் எப்படியெல்லாம் போனது என்பதற்குப் பதிலாகத்தான் 1988 டிசம்பர் 5 அன்று ஆயிரக்கணக்கானவர்கள் கூடலூர்த் தெருக்களில் நிலவுரிமை கேட்டு ஊர்வலம் போனார்கள், ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் உருவானது. அந்த நிலத்தில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளும், எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளும், நிலத்தை இழந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். சண்டை வந்தால் ‘பணியன்’ என்பது வசவாக வாயில் வரும். அதைக் கேட்டால் கேளாதது போல் போய்விடாதீர்கள். அந்த இடத்திலேயே நிறுத்திப் பேசுங்கள். வீட்டில் யாரும் பேசாததை நீங்கள்தான் பேச வேண்டியிருக்கிறது.

கடைசி பெஞ்சு ஜார்க்கண்ட் பிள்ளைக்கும் ஒரு வார்த்தை. ‘இந்திக்காரப் பிள்ளை’ என்று நாங்கள் எல்லாரும் ஒரே பெயரில் அடைத்துவிடுகிறோம். அங்கிருந்து வரும் பலருக்கு வீட்டு மொழி இந்தி கிடையாது, சாத்ரியோ முண்டாரியோ சந்தாலியோ பேசுகிறார்கள். அவர்களிலும் ஆதிவாசிகள் நிறைய. எங்கள் பூட்டன்மாரைக் கங்காணிகள் கண்டிச் சீமைக்குத் தேயிலைக்குக் கூட்டிப்போனது போலத்தான் இவர்களும் இங்கே வந்திருக்கிறார்கள். அதனால்தான் எனக்கு அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. சீசன் முடிந்து குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போனால் பிள்ளையின் படிப்பு அறுந்துவிடுகிறது. மாற்றுச் சான்றிதழை அன்றே கையில் கொடுத்து அனுப்பினாலே பெரிய உதவி.

நல்லவையும் நிறையப் பார்ப்பீர்கள். ஐப்பசியில் புத்தூர்வயலுக்கு வாருங்கள். புத்தரி என்ற புது நெல் திருவிழா அன்று பணியர், குரும்பர், மவுண்டாடன் செட்டிகள் எல்லாரும் சேர்ந்து முதல் கதிர் அறுப்பார்கள். துடிச் சத்தத்தோடு கதிர்க்கட்டு கோயிலுக்குப் போகும், அங்கிருந்து வீடுகளுக்குப் போகும். வாழையும் இஞ்சியும் ஏறி வயல் குறைந்துகொண்டே வருகிறது, இருந்தும் புத்தரியை விடவில்லை. அன்று சில பிள்ளைகள் பள்ளிக்கு வரமாட்டார்கள். ஆப்சென்ட் போடுவதற்குப் பதிலாக நீங்களும் வகுப்பைக் கூட்டிக்கொண்டு வந்தால் ஒரு தமிழ்க் கட்டுரை, ஒரு சமூக அறிவியல் பாடம் இரண்டும் அங்கேயே முடிந்துவிடும். ஓணத்துக்கும் பெருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் பிள்ளைகள் உங்களுக்கு டப்பாவில் ஏதாவது கொண்டுவருவார்கள். வாங்கிச் சாப்பிடுங்கள். காலனிப் பிள்ளை எதுவும் கொண்டுவராவிட்டால், கொண்டுவரத் தயங்குகிறாளா என்று பாருங்கள்.

பலரும் இங்கே வந்ததும், சொந்த மாவட்டத்துக்குத் திரும்ப எப்போது முடியும் என்று எண்ண ஆரம்பிக்கிறார்கள். குடும்பம் அங்கே இருக்கும்போது அது இயல்பு, குறை சொல்ல மாட்டேன். இருக்கும் வருடங்களில் நீங்கள் கற்றுக்கொண்டதை அடுத்து வருகிறவருக்கு ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போனால்கூடப் போதும். எந்தப் பிள்ளை எந்தக் காலனி, வீட்டில் என்ன மொழி, யாரைக் கூப்பிட்டால் மொழிபெயர்த்து உதவுவார், யானை நடமாட்டம் இருந்தால் எந்த வழிப் பிள்ளைகள் தாமதமாக வருவார்கள் என்று எழுதி வையுங்கள். இப்போது ஒவ்வொரு மாறுதலிலும் எல்லாம் அழிந்து முதலிலிருந்து தொடங்குகிறது.

ஒரு வேண்டுகோள் உடனடியானது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தை வேலை நாளில், வேலை நேரத்தில் வைக்கிறோம். பணியர், காட்டுநாயக்கர் பெற்றோர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர முடியாது. வராததைப் பார்த்து ‘அக்கறை இல்லை’ என்று எழுதுகிறோம். இந்த வருடம் முதல் கூட்டத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலனியிலேயே வையுங்கள். அடுத்ததை எங்கள் லைன் வீட்டுப் பக்கம் வைக்கலாம். பாய், டீ, மழைக்குத் தார்ப்பாய் எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தேதியை மட்டும் ஒரு வாரம் முன்னால் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள ஒரு தாய்,
பந்தலூர் வட்டம், நீலகிரி